புவனாவுக்கு ஓர் இலை

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பேசப்படும் பாஷை ஒன்று இருந்தது. மொத்தம் இரண்டே சொற்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்தில், அம்மா மூங்கிலும் காகிதமும் வைத்துக் கட்டிய நட்சத்திர விளக்கை வாசலில் ஏற்றிவிட்டு, "நோச்சே புவனா" என்பாள். அதோடு அந்தப் பாஷை அடுத்த டிசம்பர் வரை ஓய்வெடுத்துக்கொள்ளும்.

சொற்கள் அம்மாவின் அப்பாவுடையவை. மணிலாவிலிருந்து கப்பலேறி ரங்கூனுக்கு வந்தவர். ஓட்டல் பாண்டில் கிளாரினெட் வாசித்தார். நாகப்பட்டினத்து வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். நான் பிறக்குமுன்பே இறந்துபோனார். நட்சத்திரம் கட்டும் விதத்தையும், மேலும் கீழும் நெருப்பு வைத்துச் சுடும் பிபிங்கா என்ற தேங்காய்ப்பால் அப்பத்தையும் மகளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அம்மா அவற்றைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தாள். இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா, பிபிங்காவை மட்டும் மனப்பூர்வமாக ஆதரித்தார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நடுச்சாமப் பூசைக்குப் போகுமுன் அம்மா கூடத்தில் ஓர் இலை போட்டு, அதில் அப்பத்தை வைத்து மூடிவிட்டு வருவாள். அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாருக்கு என்று கேட்டால், "வர்றவங்களுக்கு" என்பாள். வாசலில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், உள்ளே இலை போடுகிறாள். புவனா என்று ஒருத்தி வரப்போகிறாள் என்று நான் முடிவுகட்டியதில் என்ன தப்பு? நோச்சே என்பது வீட்டுப்பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் அப்பாவின் அக்கா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து, ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்டு பேட்டையில் எங்கள் லைன் வீட்டில் தங்கியிருந்தாள். அத்தைக்கு மூக்கைவிடக் காது கூர்மை. அம்மா வாசலில் சொன்னது அடுக்களை வரை கேட்டுவிட்டது.

"யாருடி அது புவனா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு வருவாள், நாம் பூசைக்குப் போனபிறகுதான் வருவாள், தாத்தாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் அம்மா இலை போடுகிறாள் என்றேன். தாத்தாவுக்குப் பிடிக்கும் என்பது மட்டும் என் சொந்தச் சரக்கு. அதுதான் பற்றிக்கொண்டது.

அத்தை நேராக அப்பாவிடம் போனாள். "தம்பி, உன் மாமனாரோட கூத்தியாளுக்கு உன் வீட்டுல இலை விழுது. அதை எடுக்கச் சொல்லு. இல்லாட்டி இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

அப்பா நட்சத்திரத்தின் கயிற்றைச் சரிபார்க்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அம்மா வந்தாள். "அது ஆளில்லே அண்ணி. எங்கப்பா சொல்ற பேச்சு."

"என்ன அர்த்தம்?"

அம்மாவுக்குத் தமிழும் தெரியும், பர்மியும் தெரியும்; தன் அப்பாவின் பேச்சு தெரியாது. சிறுவயதில் வாசலில் கேட்டதைச் சொல்லிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். "தெரியாது" என்றாள்.

"பாத்தியா?" என்றாள் அத்தை.

அப்பா தரையைப் பார்த்தபடி, "இந்த ஒரு வருஷம் விட்டுடேன்" என்றார்.

அம்மா அடுக்களைக்குள் போனாள். இந்த வருஷம் புவனாவுக்குப் பட்டினிதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி வந்தவள் கையில் இன்னோர் இலை இருந்தது. அதை முதல் இலைக்குப் பக்கத்தில் போட்டாள்.

"அது எங்கப்பா இலை. ஓட்டல்ல வாசிச்சுட்டுப் பசியோட வருவாரு. எங்கம்மா போட்டு வெச்சாங்க, நானும் போடுறேன். கூட எவளாவது வந்தா, அவளும் பசியோடதானே வருவா."

பிறகு அத்தை குனிந்தாள். "நுனி இடப்பக்கம் வரணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு இரண்டாவது இலையைத் திருப்பிப் போட்டாள்.

நான் பெரியவளான பிறகு, தாத்தாவோடு வயலின் வாசித்த கிழவர் ஒருவர் அர்த்தம் சொன்னார். நல்ல இரவு, கிறிஸ்து பிறந்த இரவுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயராம். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் அந்த வருஷமும் இரண்டு இலைதான் போட்டாள். இன்று என் வீட்டிலும் இரண்டுதான்.

அத்தை வந்திருந்த அன்றிரவு பூசைக்குப் போகும் வழியெல்லாம் நான் குதித்துக்கொண்டே போனேன். ஒருவழியாகப் புவனாவுக்குத் தனி இலை கிடைத்துவிட்டதே! இவ்வளவு நல்ல காரியத்தைச் செய்துவிட்டு அம்மா ஏன் முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, எங்களுக்கெல்லாம் பின்னால் தனியாக நடந்து வந்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.