பத்து சைஸ் பூட்ஸ்

துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனிச்சரிவில் நான் ஸ்னோபோர்டு, அதாவது பலகையில் நின்று பனியில் சறுக்கப் பழகுகிறேன். அங்கே பலகையும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனாலும் சொந்த பூட்ஸ் ஆசையில் ரோலா என்ற பகுதியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். ரூம்மேட் ஜெரால்டு அண்ணனும் கூடவே வந்தார்.

என் அளவு எட்டு. "பத்தா எடுலே. ரெண்டு சாக்ஸ் போட்டா சரியாயிரும். பன்னெண்டு வருசமா கல்ஃப்ல கிடக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன். ஃபிரிட்ஜுக்கு வெளியே பனியைப் பார்த்தறியாத மனிதர்! அவரைவிடக் கேவலம் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன். பள்ளி ஷூவைப் பெரிதாகவே வாங்கிப் பழகிய புத்தியில் தலையாட்டி, பத்தையே வாங்கினேன்.

சரிவில் இறங்கியதும் பூட்ஸுக்குள் குதிகால் தூக்கியது. கால் திரும்பியது, பலகை திரும்பவில்லை. கீழே ஒரு சிறுமி விழுந்து கிடந்தாள். வேறு வழியின்றிப் பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன். அவள் தலைக்கும் என் பலகைக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. 

ஓடிவந்த பயிற்சியாளர் என் பூட்ஸை ஆட்டிப் பார்த்து, "பாய், இது பூட்ஸா, பக்கெட்டா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அறைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். "மூணு சாக்ஸ் போட்டிருக்கணும்லே" என்றார் அண்ணன். இவரிடம் போய் யோசனை கேட்டேனே!

இப்போது பூட்ஸ் வாங்கும் முன் கடையிலேயே ஒரே சாக்ஸோடு போட்டு, வாரை இறுக்கி, முழங்காலை மடக்கிப் பார்க்கிறேன். குதிகால் தூக்கினால் எத்தனை மலிவானாலும் வேண்டாம். பலகை வாடகைக்குத்தான். கடைக்குத் தனியாகத்தான் போகிறேன்.