‘மெசின் வேண்டாம்’ என்று சொல்ல எடுத்த காலம்

முதலில் என்னைக் கைவிட்டது வலது கைச் சுட்டுவிரல். பிரான்சில் ரூ பெர்தொனே தெருவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் தெருக்கதவுக்கு இலக்கப் பூட்டு. நான்கு இலக்கமும் ஓர் எழுத்தும் அமுக்கினால் திறக்கும். இருபது வருடத்துக்கு மேலாக அமுக்கிய பொத்தான், ஒரு பிற்பகல் உள்ளே போக மறுத்தது.

பூட்டுத்தான் பழுது என்று திட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். பின்னால் வந்த மூன்றாம் மாடிப் பெண்மணி ஒரே அமுக்கில் திறந்துவிட்டுப் போனார். நான் என் விரலைப் பார்த்தேன்.

இதை வாசிக்கிற நீங்களும் அப்படி எதன் முன்னாலோ நின்றிருப்பீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்கு வந்திருப்பது இயக்க நரம்பு நோய் (தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவது, பெரும்பாலும் அறிவு மட்டும் தெளிவாக இருக்கும்). கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு என்று எனக்கு வரிசை சொன்னார்கள். மாற்றும் மருந்து இல்லை.

இதை வைத்தியர் சொன்ன அன்று என் மனைவி ரெஜினா எனக்கு மொழிபெயர்த்தது வேறு. “நரம்பு கொஞ்சம் பலவீனமாம். குளிசை தருவினமாம். பயப்பிட ஒண்டுமில்லையாம்.”

நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. எங்கள் குடும்பங்களில் நோயாளிக்கு நோயைச் சொல்கிற வழக்கம் இல்லை. வீட்டார் கூடிப் பேசுவார்கள், நோயாளிக்குச் சூப் வரும்.

ஆனால் எனக்குப் பிரெஞ்சு விளங்கும். இது அப்போது ரெஜினாவுக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடம் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் நின்றவனுக்கு விளங்காமல் எப்படி இருக்கும்? பேச்சுத்தான் கொச்சை, அதைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று வெளியே வாய் திறப்பதில்லை. ரெஜினா பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி மொழியைப் பிடித்தவள். விசாக் கந்தோர், வரிக் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் அவள்தான் எனக்கு வாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். அதில் ஒரு சுகம் இருந்தது. விளங்காதவனிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை.

அந்தச் சுகம்தான் எனக்கு வினையாக வந்தது.

ஒரு வருடம் கழித்து, சக்கர நாற்காலிக்கு வந்தபின், வைத்தியர் முன்விருப்பப் பத்திரம் பற்றிக் கேட்டார் (பேசமுடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது). மூச்சு போதாமல் வரும்போது தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து இயந்திரத்தோடு இணைக்கலாம். அப்படிச் சில வருடங்கள்கூட உயிரோடு இருக்கலாம். அசையாமல், பேசாமல், எல்லாம் விளங்கிக்கொண்டு.

அப்போது எனக்குப் பேச்சு இருந்தது. ரெஜினாவிடம் சொன்னேன்.

“எனக்கு மெசின் வேண்டாம். மூச்சு நிக்கேக்கை நிக்கட்டும். இஞ்சை ஏதோ சட்டம் வருகுதாம், தாங்கேலாதவைக்கு ஊசி போட்டு அனுப்புறது. அதையும் கேள்.”

ரெஜினா என்னைப் பார்த்தாள். பிறகு வைத்தியரிடம் திரும்பி, தெளிவான பிரெஞ்சில் சொன்னாள்: “என் கணவர் விசுவாசமுள்ளவர். கடைசி வரை போராடுவாராம். செய்யக்கூடியதை எல்லாம் செய்யச் சொல்கிறார்.”

வைத்தியர் என் கண்ணைப் பார்த்து, “அப்படித்தானா, ஐயா?” என்று கேட்டார்.

ஒரு சொல் போதும். மேசைக்குக் கீழே ரெஜினாவின் கை என் செயலற்ற கையைப் பிடித்திருந்தது. நான் தலையாட்டினேன். என் கையைப் பிடித்து அவள் தாளில் ஒப்பமிட வைத்தாள்.

ஏன் தலையாட்டினேன் என்று பல மாதம் யோசித்தேன். யோசிக்க நேரம் நிறையக் கிடைத்தது. அன்பு என்று சொன்னால் அழகாக இருக்கும். பாதிதான் அது. மீதி பயம். அவள் முகத்துக்கு நேரே ‘நீ பொய் சொல்கிறாய், நான் போகப் போகிறேன்’ என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். செபக்குழு அண்ணர் ஒருவர் செபமாலையை என் மடியில் வைத்து, “தம்பி, உயிரைத் தந்தவர் எடுக்கட்டும். நாங்கள் ஆர் நாள் குறிக்க?” என்றார். ரூ லூயி-பிளாங்கில் விமானச் சீட்டு விற்கும் நண்பனுக்கு வேறு கருத்து. “அந்தச் சட்டம் வந்தால் முதல் ஆளாய் நான் எழுதிக் குடுப்பன்.” இதைச் சொல்லும்போது அவன் கையில் பாதி கடித்த ரோல்ஸ் இருந்தது. எனக்கு அவனுடைய கொள்கையைவிட அந்த ரோல்ஸ் மீதுதான் பொறாமை. எனக்கு எல்லாம் அரைத்துத்தான் ஊட்டுவார்கள்.

தொலைக்காட்சியில் பாராளுமன்றத்தார் விவாதித்தார்கள். ஒரு பக்கம், சாவு அவரவர் உரிமை என்றது. மறுபக்கம், கதவைத் திறந்துவிட்டால் பலவீனமானவர்கள் தாமாகவே வெளியேறத் தொடங்குவார்கள் என்றது. இரண்டும் எனக்குச் சரியாகவே பட்டது. என் மகள் எனக்காக வேலையைப் பாதியாகக் குறைத்தாள். நான் சாக விரும்புவது என் வேதனையாலா, அவளுடைய களைத்த முகத்தாலா? நான் தேடிப் பார்த்தேன். இரண்டையும் பிரித்தெடுக்க முடியவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஊசிக்குத்தான் புதுச் சட்டம் வேண்டும். சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமை இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. என் மனைவியிடம் சொல்ல முடியாததைச் சட்டம் வந்து சொல்லட்டும் என்று நான் ஒளிந்திருந்தேன்.

அதற்குள் நாக்கு தடித்துவிட்டது. என் பேச்சு மகளுக்கே விளங்காமல் போனது. உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் விளங்கியது. அவள்தான் மாற்றிச் சொன்னவள். இப்படி ஒரு சிறையை வேறு யாரும் எனக்குக் கட்டித் தந்திருக்க முடியாது.

மூச்சு குறையத் தொடங்கியதும் வைத்தியர் மறுபடி அழைத்தார். இம்முறை தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார். இப்படியான முடிவுகளுக்குக் குடும்பத்தார் மொழிபெயர்க்காதிருப்பது நல்லது என்றார். ரெஜினா முகம் சிவந்து வெளியே நடைவழியில் போய் உட்கார்ந்தாள்.

ஒலிபெருக்கியில் ஒரு புதுச்சேரிப் பெண்ணின் குரல். “உங்க மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க சார்.”

சொன்னேன். மறுபடி சொன்னேன். மூன்றாம் தரம் எச்சில் வழிந்தது.

“மன்னிச்சுக்குங்க சார். எனக்கு ஒண்ணுமே புரியல” என்றது குரல். அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வைத்தியர் வேறு வழியில்லாமல் கதவைத் திறந்து ரெஜினாவைக் கூப்பிட்டார். அவள் வந்து என் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தாள். “என்னப்பா, சொல்லுங்கோ” என்றாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. வைத்தியரைப் பார்த்தேன். சமையலறையில் ஓடர் வரும்போது கத்துவார்களே, ‘பா த சோஸ்’, ‘பா த கிரெம்’ என்று, இது வேண்டாம், அது வேண்டாம் என்று, அந்தப் பிரெஞ்சில் என் முழு மூச்சையும் கூட்டிச் சொன்னேன்.

“பா த மஷீன்.”

வைத்தியருக்கு விளங்கியது. ரெஜினாவுக்கும் விளங்கியது. ஆனால் அவள் கேட்டது வேறு.

“அப்ப அண்டைக்கு நான் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?”

“ஓம்.”

“முதல் நாளும்?”

“ஓம்.”

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். நான் இனி ஒளிக்க ஒன்றும் இல்லாததால் தமிழில் தொடர்ந்தேன். நீண்ட நேரம் எடுத்தது. ரெஜினா கண்ணைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள். ‘அவர்’ என்று சொல்லவில்லை, ‘நான்’ என்றே சொன்னாள்.

“எனக்கு இயந்திரம் வேண்டாம். போன முறை என் மனைவி பொய் சொன்னாள். நானும் சொன்னேன். எனக்குச் சாவதற்குப் பயம் இல்லை, மூச்சுத் திணறுவதற்குப் பயம். ஊசிச் சட்டம் வந்தால் கேட்பேனா தெரியாது. கேட்க உரிமை இருந்தால் நன்றாக நித்திரை கொள்வேன்.”

அவளுடைய வாயில் என் சாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு சொல்லையும் விடவில்லை.

பழைய பத்திரம் கிழிக்கப்பட்டுப் புதியது எழுதப்பட்டது. திணறல் வந்தால் ஆழ்மயக்கம் தருவார்கள் (வேதனை தெரியாமல் கடைசி வரை தூங்க வைக்கும் மருந்து, இதைச் சட்டம் இப்போதே அனுமதிக்கிறது). ஊசிக்கான சட்டம் இன்னும் வரவில்லை. எனக்கு முன் சட்டம் வருமா, சட்டத்துக்கு முன் நான் போவேனா என்பது யாருக்கும் தெரியாது.

வீடு திரும்பும் வண்டியில் ரெஜினா, “விசாக் கந்தோரிலை நான் உங்களை ஒண்டும் தெரியாத மனுசன் எண்டு சொன்னதும் விளங்கினதோ?” என்று கேட்டாள். “ஓம்” என்றேன். முப்பது வருடத்தில் நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை. பிறகு அழுதோம்.

இப்போது என் உடம்பு கண், காது, கொஞ்சம் மூச்சு என்று சுருங்கிவிட்டது. மீதி ரெஜினாவிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையையும் நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். ஒரு வாக்கியத்துக்கு எனக்கு நான்கு மூச்சு வேண்டும். நேரத்தை இனி அப்படித்தான் எண்ணுகிறேன். முன்பெல்லாம் நான் வாயைத் திறந்ததும் அவளே சொல்லி முடித்துவிடுவாள். இப்போது பேனாவைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் முடிக்கும் வரை.