பதினான்காம் தீர்மானமும் நூற்றிருபது தட்டுகளும்

எங்கள் ஹார்லோ ஊரில் ஆர்லீன் பெல்வில்லைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. என் வாய் கொஞ்சம் கூடுதலாகவே பேசியிருக்கும். தயிர் டப்பாவைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அலமாரியில் அடுக்குவாள். கடும்பனியிலும் துணி கொடியில்தான். அவளுடைய கம்பளிக் கால்சட்டை பலகை மாதிரி விறைத்து நிற்கும். அது தானாகவே நடந்து வேலைக்குப் போய்விடும் என்று நான் சொன்னது, இரண்டே நாளில் அவள் காதுக்குப் போய்விட்டது.

"நீ ஒரு வாரம் குளிக்காம இரு, நீயும் அப்படித்தான் நிப்ப" என்றாள். சின்ன வயதில் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள் நாங்கள். பின்னாளில் அதே பேருந்தை அவளே ஓட்டினாள்.

அவள் வீடு ஆற்றை ஒட்டியது. பூமி சூடாகச் சூடாக எங்கள் மழையும் குணம் மாறிவிட்டது. பத்து வருடத்தில் இரண்டு முறை தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனது. மூன்றாவது முறை வந்தால் அஸ்திவாரம் நிற்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அதனால் ஆற்றோரத்து ஆறு ஊர்களும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன: ஒவ்வோர் ஊரிலும் ஒரு மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய ஆற்றங்கரையை உடைத்துவிட்டால், வெள்ளம் அங்கே பரவி அடங்கும். ஓர் ஊர் விலகினாலும் திட்டம் கிடையாது. ஐந்து ஊர் ஒப்புக்கொண்டன. கடைசி ஊர் நாங்கள்.

மார்ச் முதல் செவ்வாய், தீர்மானங்களை வரிசையாக எடுக்கும் ஊர்க்கூட்டம். எங்களுக்கு வாக்குப்பெட்டியெல்லாம் கிடையாது. அரங்கில் இருப்பவன் எழுந்து நின்றால்தான் வாக்கு. மதியம் பீன்ஸ், பன்றித்தொடை, மேப்பிள் மரப்பாகு போட்ட 'பை' என்ற பலகாரம். காகிதத் தட்டு வைத்தால் வாசலிலேயே மறியல் செய்வேன் என்று ஆர்லீன் மிரட்டி, தேவாலயத்திலிருந்து நூற்றிருபது பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்திருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் தபால் நிலையத்து டோட்டியையும் என்னையும் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"ஆத்துத் திட்டத் தீர்மானம் என்னாச்சுடி?" என்றாள் டோட்டி.

"அது பதினாலாவது. இப்பதான் ஆறாவது ஓடுது. நீ துடை."

தட்டுச் சத்தம் கேட்டுத் தலைவர் ஹோரஸ் கதவைச் சாத்தச் சொன்னார். நானே சாத்தினேன். மிச்சப் பலகாரம் உள்ளேதான் இருந்தது.

அன்று மேப்பிள் மரங்களில் சாறு வடிய ஆரம்பித்திருந்தது. அதைப் பாகாகக் காய்ச்சப் போகவேண்டிய பண்ணைக்காரர்கள் பதினான்கை முன்னால் எடுக்கச் சொல்ல, ஹோரஸ் எடுத்துவிட்டார். குழாய்ச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். சாலைக்கு உப்பு வாங்குவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"பதினாலு எப்ப வரும் ஹோரஸ்?"

"முடிஞ்சுதே ஆர்லீன். அம்பத்தொம்பது ஆதரவு, அறுபத்தொண்ணு எதிர்ப்பு. அடுத்தத ஆரம்பிச்சாச்சு, இனி திருப்பி எடுக்க விதி இல்ல."

அவள் தன்னையும் சேர்த்து எங்கள் மூவரையும் ஒரு தரம் எண்ணினாள். அவ்வளவுதான். அழவில்லை. நான்கூட ஒரு ஜோக் சொல்லப் போய் விழுங்கிவிட்டேன்.

ஜூலையில் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை ஆற்றோரத்தில் வீடு இல்லை, துணிக்கொடி கட்டிய கம்பம் மட்டும் சாய்ந்து நின்றது. ஆர்லீன் நாற்பது மைல் தள்ளி, தங்கை வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த மார்ச் கூட்டத்துக்கு விடியவே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஹோரஸ் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மன்னிச்சுக்க ஆர்லீன். இப்ப நீ இந்த ஊர்க்காரி இல்ல. ஓட்டு கிடையாது. பின்னாடி பெஞ்சுல உக்காரு."

போய் உட்கார்ந்தாள். அன்று பட்டியலில் ஆற்றைப் பற்றி எதுவுமே இல்லை. மற்ற ஐந்து ஊர்களும் பனிக்காலத்திலேயே திட்டத்தைக் கைவிட்டிருந்தன. சமையலறையில் ஆள் இல்லாததால் சாப்பாடு காகிதத் தட்டில். நான் அந்தப் பலகாரத்தில் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பரவால்ல, கழுவற வேல இல்ல" என்றேன். என் வாய் அப்படி.

அவள் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கைக்குட்டையால் சுத்தமாகத் துடைத்தாள். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அத வச்சு என்னடி பண்ணப் போற?"

"தெரியல" என்றாள்.