நாக்கில் வைத்துப் பார்த்தவர்

லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு உலர்த்தும் கேஸ் அடுப்புக்கு மூன்றாவது கண்ட்ரோல் போர்டு மாட்டியிருந்தேன். "இதுவும் போச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். பத்தாம் நாளே போனது. அடுப்பில் பொறி வரவேண்டிய நேரத்தில் எனக்கு வேர்வைதான் வந்தது. உள்ளே தட்டுத் தட்டாக ஈர மீன்.

அங்கே மீன் அடுக்கும் அம்மா வந்து நின்றார். பெரிய மூக்குத்தி, முழங்கை வரை செதில். எந்த மீனைத் தொட்டாலும் விரலை நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பார். நான் கழற்றி வைத்திருந்த போர்டையும் அப்படியே தடவி ருசி பார்த்தார்.

"இன்னா மெக்கானிக்கு, இதையும் கருவாடு போட்டுட்டியா? உப்பு கரிக்குது!"

போர்டு மாட்டியிருந்த பெட்டியைப் பார்த்தேன். ஒயர் நுழைக்க நான் போட்ட ஓட்டை அடைக்காமல் கிடந்தது. உப்புக்காற்று அது வழியாகத்தான் புகுந்திருக்கிறது. குற்றவாளி பிடிபட்டான், நான்தான். ஓட்டையை அடைத்துப் புதுப் போர்டை மாட்டினேன். அடுப்பு இன்றுவரை எரிகிறது.

"மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

"நீதான் மீட்டர்லாம் வச்சிக்கினு இருந்தியே!"

இப்போதெல்லாம் எங்கே போர்டு போனாலும், யாரும் பார்க்காதபோது விரலை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். எனக்கு எல்லாப் போர்டும் ஒரே ருசிதான்.