பரணிதரனின் முதல் ஆடிட்

மாதனூரைத் தாண்டும்போது ஜெயசீலன் கேட்டார். காரை ஓட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டார்.

"இப்ப போற கம்பெனில உங்க வீட்டாளுங்க, சொந்தக்காரங்க யாராச்சும் வேலை செய்றாங்களா?"

"இல்ல சார்" என்றான் பரணிதரன்.

கம்பெனியின் பெயரை அவர் அப்போதுதான் சொல்லியிருந்தார். அதே பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவனுடைய அக்கா சோபனா அன்று விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிப் போயிருந்தாள்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்கு ஆள் அனுப்பாத வீடு எது? ஆமாம் என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் போன வாரம் அவனோடு படித்த நவீன்குமார், சித்தி இருக்கிறார் என்று இதே கேள்விக்கு உண்மையைச் சொன்னான். அவனைப் பாதி வழியில் இறக்கி பஸ் ஏற்றிவிட்டார் ஜெயசீலன். ஜெயசீலன் வேலை பார்க்கும் வேலூர் ஆடிட் அலுவலகம், வெளிநாட்டு வியாபாரிகளுக்காக ஷூ கம்பெனிகளைச் சோதித்து அறிக்கை கொடுப்பது. கணக்கோடு தொழிலாளிகளின் பாதுகாப்பையும் பார்ப்பார்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகளை ஜெயசீலன் ஒருநாள் கூட்டிப்போய், இவன் இந்த வேலைக்குத் தயார் என்று எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே எடுப்பார்கள். இறக்கிவிடப்பட்டவன் தோற்றவன் என்று பரணிதரன் முடிவு கட்டியிருந்தான்.

அவன் தோற்கக்கூடாது. பள்ளிகொண்டாவிலிருந்து உள்ளே போகிற சிற்றூரில், அடுத்தவர் நிலத்தில் மடை திருப்புகிறவரின் மகன் அவன். அந்த வீட்டில் முதல் பட்டம் அவனுடையது. அதை வாங்கி வந்த அன்று தெருவில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் காட்டியவள் சோபனா. பன்னிரண்டாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள். கறுப்பு அங்கி போட்டு அவன் எடுத்த படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, "எங்க தம்பி ஆடிட்டராவப் போறான்" என்று தன் தையல் லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அது நினைவுக்கு வந்தபோது கார் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டது. காவலாளி சல்யூட் அடித்தார்.

ஆடிட் நாளில் கம்பெனி எப்படி இருக்கும் என்று பரணிதரனுக்கு வீட்டிலேயே பாடம் நடந்திருந்தது. "ஆடிட்டு வந்தாத்தான்டா எங்களுக்கு மாஸ்க்கு. அன்னிக்கு பாத்ரூம்ல சோப்பு கூட இருக்கும்" என்று சோபனா சிரிப்பாள். எல்லாம் அப்படியே இருந்தது. மடிப்புக் கலையாத மாஸ்க்குகளுக்கு மேலே வரிசையாகக் கண்கள்.

ஒன்றை மட்டும் அவள் சிரிக்காமல் சொல்லியிருந்தாள். மாடியில் தையல் ஹாலுக்குப் பின்னால் ஒரு அவசரப் படிக்கட்டு இருக்கிறது. தோல் துண்டுகள் காணாமல் போகின்றன என்று அந்தக் கதவைப் பூட்டிவிட்டார்கள். ஒட்டுகிற சொல்யூஷன் டின்களை அடுக்கியிருப்பதும் அதே மூலையில்தான். "ஒரு பொறி வுழுந்தா எங்கடா ஓடறது?"

நிர்வாக அதிகாரி பஞ்சாட்சரம் அவர்களை அந்தக் கதவு வரைக்கும் தானே அழைத்துப்போனார். நெற்றியில் விபூதி, மெதுவான குரல். ஒரு விரலால் தள்ளினார். கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. டின்களைக் காணோம்.

"எப்பவும் இப்டித்தான் சார் இருக்கும்."

ஜெயசீலன் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பிறகு லைனுக்கு நடுவே நடந்து, தனியே விசாரிக்க இவர், இவர் என்று விரல் காட்டிக்கொண்டே போனார். பரணிதரன் தரையைப் பார்த்தபடி பின்னால் போனான். விரல் சோபனாவுக்கு நேராக நின்றது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். சொல்லாமல் பின்னாலேயே நடந்தான்.

கேள்வி கேட்கும் வேலையை அவனிடமே கொடுத்தார் ஜெயசீலன். அதுதான் அன்றைய சோதனை. கேன்டீன் மூலையில், மேஜைக்கு அந்தப் பக்கம் சோபனா உட்கார்ந்தாள். தம்பியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. காலையில் தானே தேய்த்துக் கொடுத்த சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர், வேலை, நேரம் எல்லாம் கேட்டான். எல்லாவற்றுக்கும் சார் போட்டுப் பதில் சொன்னாள்.

"அந்தப் பின்படிக் கதவு..." குறிப்புத் தாளைத் திருப்பினான். "எப்பவும் திறந்திருக்குமா?"

"திறந்துதான் சார் இருக்கும்."

அவள் எழுந்து போனபோது, வாசலில் அடுத்துக் காத்திருந்த ஜெஸி என்ற பெண் அவனை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று சோபனாவைத் திரும்பிப் பார்த்தாள். படத்தில் பார்த்த முகம்.

சாப்பாட்டு நேரத்தில் பஞ்சாட்சரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம்பிக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். பள்ளிகொண்டா பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது.

"அப்டியா? அங்கேர்ந்து நம்ம வண்டியே ஒண்ணு வருதே. நல்ல பொண்ணுங்க. கம்மியா பேசுவாங்க." அவரே கரண்டியை எடுத்து அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பிரியாணி வைத்தார். "சாப்டுங்க தம்பி. வெக்கப்படாதீங்க."

பரணிதரன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். கை கழுவும் இடத்தில் ஜெயசீலனைத் தனியே பிடித்தான்.

"சார், காலைல நான் பொய் சொல்ட்டேன். சோபனான்னு ஒருத்தங்க வந்தாங்களே, அவங்க எங்கக்கா."

ஜெயசீலன் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தக் கதவு தினமும் பூட்டித்தான் சார் இருக்கும். இன்னிக்கு நமக்காகத் திறந்திருக்காங்க."

"உங்க வீட்ல பேசுனத நான் எழுத முடியாது" என்றார் ஜெயசீலன். "இப்பத் திரும்பப் போய்ப் பாக்கலாம். பூட்டியிருந்தா எழுதுவேன். எழுதுனா யார் சொன்னதுன்னு தேடுவாங்க. பொழைப்பு உங்கக்காவோடது. போலாமா, வேணாமா?"

அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வழியில்லை. வேலை நேரத்தில் பெண்களின் கைப்பேசிகள் வாசலில் காவலாளியிடம் இருக்கும். கேட்டாலும் அவள் வேண்டாம் என்றுதான் சொல்லுவாள். அந்த ஹாலில் அவளோடு உட்கார்ந்திருந்த தலைகள் எல்லாம் அவன் கண்ணுக்குள் வந்தன.

"போலாம் சார்."

யாரிடமும் சொல்லாமல் மேலே ஏறினார்கள். மெஷின் சத்தத்தில் முதலில் யாரும் கவனிக்கவில்லை. டின்கள் மூலைக்குத் திரும்ப வந்திருந்தன. ஜெயசீலன் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஒவ்வொரு மெஷினாகச் சத்தம் நின்றது. சோபனா மட்டும் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலக் கூட்டத்தில், கண்டதை ஜெயசீலன் வாசித்துக் காட்டினார். பஞ்சாட்சரம் மறுப்பேதும் சொல்லவில்லை. புது ஆள் தெரியாமல் பூட்டிவிட்டான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பரணிதரனைப் பார்த்தார்.

"தம்பிக்குக் கண்ணு ஜாஸ்தி."

திரும்பும் வழியில் ஜெயசீலன் நவீன்குமாரின் பேச்சை எடுத்தார். இறக்கிவிட்ட மறுநாளே அவனை வாணியம்பாடியில் வேறொரு கம்பெனிக்குக் கூட்டிப்போனதாகவும், வேலைக்கு எடுத்தாகிவிட்டது என்றும் சொன்னார்.

"நீயும் காலைல சொல்லியிருந்தா உன்னை இறக்கிட்டு நான் மட்டும் போயிருப்பேன். உங்கக்காவக் கூப்ட்டே இருக்க மாட்டேன். கதவு விஷயத்த இன்னொரு நாள் யார் மேலயும் பழி வராத மாதிரி புடிச்சிருக்கலாம்." பள்ளிகொண்டாவை நெருங்கும்போது, "இன்னும் தயாரில்லன்னுதான் பரணி நான் எழுதணும்" என்றார்.

அவனுக்கு அது அவ்வளவாக வலிக்கவில்லை. பள்ளிகொண்டாவில் இறங்கியதும் அக்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டான். அணைத்து வைத்திருந்தது. ஊருக்குப் பிரிகிற ரோட்டில், கம்பெனி வண்டி வந்து நிற்கிற இடத்தில் காத்திருந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. வண்டி வந்தது. தினமும் வழியெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். ஒருத்தியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சோபனா இறங்கவில்லை.

ஜெஸி மட்டும் நின்றாள். "அவள ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்காங்க. உன் படத்தக் காட்டச் சொன்னாங்க. ஏன்டா, அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டாவது வந்திருக்கலாமில்ல?" அவன் வாயைத் திறப்பதற்குள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்துவிட்டாள்.

வண்டி எங்கே போகிறது என்று டிரைவரிடம் கேட்டான். திரும்ப ஆம்பூருக்குத்தான், கம்பெனிக்குத்தான் என்றார் அவர். அவன் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டார். பரணிதரன் ஏறினான். வண்டிக்குள் சொல்யூஷன் வாடை அடித்தது. காலி சீட்டுகளில் முன்னால் இருந்த ஒன்றில் உட்கார்ந்தான்.

வண்டி நெடுஞ்சாலையில் திரும்பியதும் டிரைவரின் கைப்பேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர், கண்ணாடியில் அவனை ஒருமுறை பார்த்தார்.

"ஆமா சார்" என்றார். "ஏறிட்டான்."