அண்ணாவின் ஈறுகளும் என் சொற்பொழிவும்

விவாத மேடைகளில் எத்தனையோ எதிரணிகளை வாயடைக்கச் செய்த எனக்கு, ஒருவரை வாய் திறக்கச் செய்வது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அந்தத் துணிவோடுதான் அண்ணாவைப் பாலையூற்றிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து துறைமுகத்தருகே உள்ள பல் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன்.

முப்பத்தாறு வயது அண்ணாவுக்குப் பிறவியிலேயே வளர்ச்சிக் குறைபாடு. பல் துலக்கும்போதெல்லாம் ஈறுகளில் இரத்தம் கசிந்தது. ஈறு பல்லைவிட்டு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்பதை, மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியால் பல் பல்லாக அளக்க வேண்டும். அதற்கு அவர் இடங்கொடாவிட்டால், கண்டிக்குக் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்துத்தான் அளக்க முடியும். அவருடைய பலவீனமான இருதயத்துக்கு அது ஆபத்து. அந்தக் கவலையில் அம்மா காலையிலிருந்து எதுவும் உண்ணவில்லை.

கம்பியைக் கண்டதும் அண்ணா உதடுகளை மூடிக்கொண்டார். நான் எழுந்தேன்.

"அன்புக்குரிய அண்ணா! பல் என்பது வெறும் எலும்பன்று. அது முகத்தின் மானம்!"

அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, வாயை மேலும் இறுக்கினார். குரலை உயர்த்தினேன். கன்னங்களையும் உள்ளிழுத்துக்கொண்டார்.

"தம்பி, நீங்கள் கதைக்கக் கதைக்க அவர் வாயை இன்னும் இறுக்குறார்," என்றார் டொக்டர். "வீட்டிலயும் இப்பிடியோ?"

அப்போதுதான் உறைத்தது. மாலைதோறும் என் ஒத்திகைக்கு அண்ணா ஒருவரே அவை. நான் பேசும்போது வாய் திறக்கலாகாது என்று அவரைப் பல ஆண்டுகளாகப் பழக்கியவன் நானே.

"நான்தான் பழக்கினனான், டொக்டர்." என் வாழ்நாளின் மிகச் சுருக்கமான உரை அது.

"அப்ப இண்டைக்கு அவர் கதைக்கட்டும். நீங்கள் இருந்து கேளுங்கோ."

கதிரையில் அமர்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, வாயை மூடினேன். அண்ணா நம்பவில்லை.

"கதைக்கமாட்டியோ?"

தலையசைத்தேன்.

"சத்தியமா?"

மீண்டும் தலையசைத்தேன். அண்ணா கையை உயர்த்தினார். என் உரைகளில் அவருக்குப் பிடித்த ஒரே சொல் 'ஆகவே'. அதற்குப் பிறகு உரை முடிந்துவிடும்.

"ஆ...கவே!"

அந்த நீண்ட ஆகாரத்துக்குள் டொக்டர் கம்பியை மெல்ல நுழைத்தார். "மூண்டு, நாலு..."

"குறுக்க கதைக்காதேங்கோ!" என்று அதட்டினார் அண்ணா.

அதன்பின் டொக்டர் எண்களை விரல்களால் காட்ட, தாதி எழுதிக்கொண்டார். அண்ணா அன்று நாற்பது 'ஆகவே'க்குக் குறையாமல் முழங்கினார். ஒரு கருத்தும் சொல்லவில்லை.

கடைவாய்ப் பற்களில் மட்டுமே ஆழம் ஐந்து மில்லிமீட்டர். "கண்டிக்குப் போகத் தேவையில்ல. இஞ்சயே நாலு தரம் வந்தால் துப்புரவாக்கலாம்," என்ற டொக்டர் என்னைப் பார்த்தார். "ஆனா தம்பி, அடுத்த முறை நீங்கள் வெளியில..."

"அவன் வரட்டும்," என்றார் அண்ணா. "கேக்க ஆள் வேணும்."