ஜெல்லி போல ஆடிய பெட்டி

அம்மு, மைசூரில் உன் லேப்டாப்பைச் சரிபார்த்த அண்ணனைப் பற்றி எழுதுகிறேன். தம்பிக்கும் படித்துக் காட்டு. அவர் பேர் கேட்கத் தோன்றவில்லை. ஒல்லியான ஆள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார்.

நஞ்சன்கூடு ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்தவரிடம் வாங்கிய பழைய லேப்டாப் அது. உள்ளே விண்டோஸ் இல்லை, லினக்ஸ். எதையாவது திறந்தால், வருவதற்குள் காபி ஆறிவிடும். திரையில் எந்தப் பெட்டியை நகர்த்தினாலும் ஜெல்லி போல ஆடியது. அந்த ஆட்டம்தான் வியாதி என்று நினைத்தேன்.

“சரியாகலைன்னா திருப்பிக் கொடுத்துடறேன்” என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

அவர் உன்னைப் பார்த்தார். “வயசான மிஷின் சார். திரையில அலங்காரம் ஜாஸ்தி, அஷ்டே, அவ்வளவுதான்” என்றார். யார் போட்டது என்று கேட்கவே இல்லை.

மின்னல், மங்கல், சுழலும் திரை என்று அந்த அலங்காரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஒன்றை நிறுத்தியதும் திரையை விட்டு உன் முகத்தைப் பார்ப்பார். ஜெல்லி ஆட்டத்துக்கு வந்தபோது உன் உதடு நடுங்கியது. அவர் கை நின்றுவிட்டது.

“இது இருக்கட்டும் புட்டி” என்று கன்னடத்தில் உன்னைச் செல்லமாகக் கூப்பிட்டார். “ மத்ததெல்லாம் போனதால மிஷின் தாங்கும்.”

தொட்டதும் எல்லாம் திறந்தது. நான் விடவில்லை. “அதையும் எடுத்துட்டா இன்னும் வேகமா ஓடுமே?”

“ஓடும் சார். ஆனா பாப்பாவுக்குத் திறக்கணும்னு தோணணுமே!”

பஸ்ஸில்தான் நீ, “எல்லாம் நான் போட்டதுப்பா” என்று அழுதாய். பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

இப்போதெல்லாம் நீ பெட்டியை இழுத்து ஆட்டும்போது, அவரைப் போல நானும் திரையைப் பார்ப்பதில்லை.